வேலியில் பூத்த மஞ்சள் மல்லிகை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் குசினியில் உழுந்து வடை பொரிந்துகொண்டிருந்தது. வாசலில் மணி இருந்தும் யாரோ கதவை உள்ளங்கையால் அறைந்தார்கள்.

திறந்தேன். பக்கத்து வீட்டு ஜேசன் நின்றார். அலுவலகத்துக்கு மட்டுமல்ல, குப்பைவாளி தள்ளவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிற மனிதர். அன்று வெறுங்காலோடு நின்றார். கையில் ஒரு கண்ணாடித் தேநீர்க் குடுவை. அதன் அடியில் வெந்து வெளிறிய பூக்கள் ஒட்டிக் கிடந்தன.

“என்ன குடுத்தீர்கள்? என் அம்மாவுக்கு என்ன குடுத்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். குடுவையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா வடைக் கரண்டியோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. “என்னவாம்?” என்று என்னிடம் கேட்டார்.

ஜேசனின் தாயால் கண்மடலைத் தூக்க முடியவில்லை. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதாம். கதிரையை விட்டு எழும்ப முயன்று கால் மடிந்து விழுந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறதாம்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அம்மா குடுவையை வாங்கிப் பார்த்தார். “இது நான் ஆய்ஞ்ச பூவெல்லோ,” என்றார்.

இந்த வாரம் ஏன் இதை எழுதுகிறேன்

உங்கள் இருவருக்கும் வாரம் ஒரு கதை எழுதுகிறேன். ட்ருகனினா என்ற இடத்துச் சேமிப்புக் கிடங்கில் நான் போர்க்லிஃப்ட் ஓட்டப் பழகிய கதையைச் சென்ற வாரம் வாசித்துவிட்டுக் கவின் கேட்டான்: “அப்பா, நீங்க ஏன் ஃபனியான கதை மட்டும் எழுதுறீங்க?”

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சிரிக்க வைக்கிற கதைக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை என்பதால்தான் அப்படி எழுதுகிறேன் மகன். ஆனால் நீ கேட்டபிறகு இது மனதிலே கிடந்து உறுத்தியது.

உங்கள் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவ எண்டு எழுதாதேங்கோ. கெட்டவ எண்டும் எழுதாதேங்கோ.”

அப்படியே முயன்று பார்க்கிறேன்.

இரண்டு அக்காமார்

யாழினியின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லியில் ஒரு பழைய செங்கல் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் வேலை நகரத்தின் மற்றக் கரையில். நான் இருட்டோடு போய்விடுவேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம். உங்கள் அம்மா அந்த வீட்டில் தனியே.

பக்கத்து வீட்டிலும் அதே கதைதான். ஜேசனும் மனைவியும் வேலைக்குப் போனபிறகு தாய் தனியே. லின் என்பது அவருடைய பெயர். அறுபதைத் தாண்டியவர். சீனாவில் ஒரு மருந்துக் கடையில் மூலிகை நிறுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் ‘ஹலோ’வும் ‘தேங்க்யூ’வும் தெரியும். உங்கள் அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

முதல் நாள் உங்கள் அம்மா வேலிக்கு மேலால் கறிவேப்பிலைக் கொத்தை நீட்டி, “அக்கா, இந்தாங்கோ,” என்றிருக்கிறார். அந்த மனுசி ‘அக்கா’தான் உங்கள் அம்மாவின் பெயர் என்று நினைத்துவிட்டார். அடுத்த நாள் காலை வேலியடியில் “அக்கா! அக்கா!” என்று கூப்பாடு. அன்றிலிருந்து இவர் அவருக்கு அக்கா, அவர் இவருக்கு அக்கா. ஜேசன் ஒருநாள் என்னிடம், “உங்கள் மனைவி அக்கா நலமா?” என்று கேட்டபோது நான் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை.

வேலி என்றால் பழைய பலகை வேலி. அவர்கள் பக்கத்திலிருந்து ஹனிசக்கிள் கொடி ஏறி எங்கள் பக்கம் தொங்கியது. உங்கள் அம்மா அதற்குத் தேன்பூ என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு கொடி ஏறி அவர்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் எப்போதோ நட்டது. மஞ்சள் பூ. நல்ல வாசம். அதன் அடியில் கடைக்காரன் கட்டிய பிளாஸ்டிக் அட்டை வெயிலில் வெளுத்துத் தொங்கியது. முன்சொல் அழிந்துபோய் ‘ஜாஸ்மின்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

“மல்லிகையோ? மஞ்சளிலயோ?” என்று உங்கள் அம்மா கேட்டார். பிறகு அவரே சிரித்தார். “அன்னம் கறுப்பா நீந்துற நாடு. மல்லிகை மஞ்சளா இருந்தா என்ன?”

அதன்பிறகு சாமிப் படத்துக்கு அந்தப் பூதான்.

மூலிகைக் கடைக் கண்

லின் அக்கா தேன்பூ மொட்டுகளைக் காலையில், விரிவதற்கு முன் ஆய்வார். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மொட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அரிசியில் கல் பொறுக்குவது போல. பிறகு நிழலில் உலர்த்துவார். தொண்டை நோவுக்கும் காய்ச்சலுக்கும் அவர்கள் நாட்டில் அதுதான் மருந்து. எங்களுக்குக் கொத்தமல்லித் தண்ணி போல.

“வீட்டு வேலியில் ஆய்ந்த பூவுக்கு ஏன் இவ்வளவு பரிசோதனை?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசனைக் கேட்டேன். ஜேசன் தாயைக் கேட்டார். தாய் எழும்பி நின்று நடித்தே காட்டினார். ஒரு கையில் நல்ல கொடி. மறு கையில் கெட்ட கொடி. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னி வளர்கின்றன. ஒருத்தி அவசரமாகப் பறிக்கிறாள், அவிக்கிறாள், குடிக்கிறாள். பிறகு லின் அக்கா வயிற்றைப் பிடித்து மடங்கி, நாக்கை நீட்டிக் கதிரையில் சாய்ந்தார்.

கவின், நீ கை தட்டினாய்.

“அம்மாவின் ஊர் மலைப்பக்கத்தில் உண்டு,” என்றார் ஜேசன். “பெயரே, குடலை அறுக்கும் புல். அம்மாவுக்குக் கடையில் முதலில் பழக்கியது இதைத்தானாம். பயப்படாதீர்கள், இங்கே அது இல்லை.”

இன்னொரு நாள் எங்கள் குசினிக்கே வந்துவிட்டார். உங்கள் அம்மா புரியாணிக்கு எடுத்து வைத்த அன்னாசிப்பூவைக் கண்டதும் பையை அப்படியே மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து இதழ் எண்ணினார். எட்டு இதழ், பருத்த உடம்பு, மழுங்கிய நுனி என்றால் ‘தேங்க்யூ’ என்று பக்கத்தில் வைத்தார். இதேபோல நஞ்சுப்பூ ஒன்று இருக்கிறதாம். அதற்கு இதழ் கூட, மெல்லிசு, நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அன்று எங்கள் பையில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போனார்.

“கடையில வாங்கினதையே சோதிக்கிற மனுசி,” என்றார் உங்கள் அம்மா. “எனக்கு மாமியா வந்திருந்தா நான் துலைஞ்சன்.”

ஒரு கிழங்கு

இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. போரில் இடம்பெயர்ந்து காட்டோரம் தறப்பாளின் கீழ் இருந்த காலத்தில், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஆட்கள் கிழங்கு தோண்டினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், பிள்ளைகளுக்கு வற்றாளங்கிழங்கு கிடைத்துவிட்டது என்று ஓடி வந்தார். அது கார்த்திகைப் பூவின், அதாவது காந்தளின், நஞ்சுக் கிழங்கு. பூ இருந்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். பூக்காத காலம் அது.

சூடு ஆறட்டும் என்று பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, வெந்ததா என்று பார்க்க அவர் முதலில் தின்றார். பிள்ளைகள் தப்பினார்கள்.

இதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. மண்ணில் விளைந்தது எதையும் பெயர் தெரியாமல் வாயில் வைக்கக்கூடாது என்று அன்று தொடக்கம் நினைத்திருந்தேன். பெயரே ஏமாற்றும் என்று நினைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை

அந்த வாரம் லின் அக்கா முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்தார். தொண்டையும் கட்டியிருந்தது. வேலியில் பூ விரிந்து வீணாய்ப் போவதைப் பார்த்து உங்கள் அம்மா தானே ஆய்ந்தார்.

அது வசந்தம் முடிகிற காலம். மஞ்சள் பூ ஓய்கிற நேரம், தேன்பூ தொடங்குகிற நேரம். அந்தக் கொஞ்ச நாட்களில்தான் இரண்டும் ஒரே வேலியில் சேர்ந்து நிற்கும். தேன்பூ முதலில் வெள்ளை, ஒரு நாள் போனால் மஞ்சள். மற்றது தொடக்கத்திலிருந்தே மஞ்சள்.

உங்கள் அம்மாவுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. இது தேன்பூ, அது மல்லிகை என்று தெரிந்தேதான் இரண்டையும் ஆய்ந்தார். சீனக் கடையெல்லாம் மல்லிகைத் தேயிலை விற்கிறார்கள். அப்படியென்றால் லின் அக்காவுக்கு மல்லிகை பிடிக்கும். தொண்டைக்குத் தேன்பூ, வாசத்துக்கு மல்லிகை. சுகமில்லாத மனுசிக்கு ஒரு சந்தோசம். அவ்வளவுதான் அவர் யோசித்தது.

சோறு வடிக்கும் வடிதட்டில் கொண்டுபோய் லின் அக்காவின் மடியில் வைத்திருக்கிறார். லின் அக்கா ஒரு மஞ்சள் பூவை எடுத்துக் கேள்வியாகப் பார்த்தார்.

“மல்லிகை,” என்றார் உங்கள் அம்மா. “மல்லி… கை.”

லின் அக்காவின் முகம் மலர்ந்ததாம். “மோலி? மோலி!”

சீனத்தில் மல்லிகைக்கு மோலி என்று பெயர். நம்முடைய மல்லிகையும் அவர்களுடைய மோலியும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிரிந்து போனவை என்று யாழினி பிறகு தேடிச் சொன்னாள். அன்று அந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது. எத்தனையோ மாதம் கையாலும் முகத்தாலும் கதைத்தவர்களுக்கு முதல்முறையாக ஒரு சொல் பொதுவாகக் கிடைத்தது. ஒருவர் மல்லி என்று சொல்ல, மற்றவர் மோலி என்று சொல்ல, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். பின்னேரம் நான் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற விடாமல் உங்கள் அம்மா அதைத்தான் சொன்னார். “இஞ்சேருங்கோ, அவையளும் மல்லி எண்டுதான் சொல்லுறவை!”

அன்று லின் அக்கா வெள்ளைத் துணியை விரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டவில்லை. அக்கா ஆய்ந்த பூ. பெயரும் சொல்லிவிட்டார். அப்படியே உலர்த்தினார்.

ஆஸ்பத்திரி

அம்புலன்ஸ் போனபிறகு நஞ்சுத் தகவல் இலக்கத்துக்கு யாழினிதான் அழைத்தாள். மறுமுனையில் இருந்த பெண் கொடியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். யாழினி, நீ வேலியடியில் போனை வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் எனக்குத் தெரிகிறது. முதல் இரண்டு படமும் மங்கலாக வந்தன. மூன்றாவது தடவைதான் தெளிவாக வந்தது.

“அப்பா,” என்றாய். “இட்ஸ் நாட் ஈவன் ஜாஸ்மின். இட்ஸ் கால்ட் ஜாஸ்மின், பட் இட்ஸ் நாட்.”

உங்கள் அம்மாவுக்கு அது விளங்கியது. மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அது அமெரிக்காவிலிருந்து வந்த அழகுக் கொடி. ஜாஸ்மின் என்பது கடைக்காரர்கள் வாசத்துக்காக ஒட்டிவைத்த பெயர். லின் அக்கா நடித்துக் காட்டினாரே, குடல் அறுக்கும் கொடி, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். இங்கே அது இல்லை என்று ஜேசன் சொன்னது உண்மை. அதன் சகோதரம் எங்கள் வேலியில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளே, இதை நீங்கள் மறக்கக்கூடாது. இரண்டு கொடியிலும் கிளை வெட்டி வெவ்வேறு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, காரை நிறுத்திவிட்டு நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன்பூ ஒரு கணுவில் இரண்டிரண்டாய்ச் சோடி சேர்ந்து வருகிறது. மொட்டு நீளம், தீக்குச்சி போல, மெல்லிய மயிர் படர்ந்தது. விரிந்தால் மேல் உதடு, கீழ் உதடு என்று பிளந்து, உள்ளேயிருந்து பூனை மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும். மற்றதற்கு மீசை இல்லை. ஐந்து இதழும் ஒரே அளவில் வட்டமாக, நாதசுவரத்தின் வாய் போல. இலை வழுவழுப்பு. எத்தனை வித்தியாசம்! கையில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தை பிரித்துவிடும். உலர்ந்து சுருங்கி, ஒன்றாய்க் கலந்து, குடுவையின் அடியில் கிடந்தால் பிரிக்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் உள்ளவர்தான் உள்ளே படுத்திருந்தார்.

மூச்சு வாங்கும் தசை ஓய்ந்துகொண்டு வருகிறது என்று சொன்னார்கள். குழாய் போட்டார்கள். அந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை, உடம்பு தானாகக் கழுவி வெளியேற்றும்வரை இயந்திரம் மூச்சுவிடும் என்றார் ஒரு தாதி. உங்கள் அம்மா நடைபாதைக் கதிரையில் இருந்தார். சேலைத் தலைப்பில் வடை எண்ணெய் மணத்தது. ஜேசனின் மனைவி எதிர்க் கதிரையில் இருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. எழும்பி வேறு கதிரைக்குப் போனார்.

“திட்டினா நல்லம்,” என்றார் உங்கள் அம்மா.

வெறுங்கையோடு

லின் அக்கா பிழைத்தார். சில நாட்களில் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கத்துக் கண்மடல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

நாங்கள் பார்க்கப் போக ஆயத்தமானோம். உங்கள் அம்மா குசினிக்குள் போய் நின்றார். சுகமில்லாதவர் வீட்டுக்கு எதையாவது கொண்டுபோக வேண்டும். இடியப்பமா, பழமா, பாலா? ஒவ்வொன்றையும் எடுத்தார், வைத்தார். எங்கள் கையால் இனி அந்த வீட்டுக்கு எதைக் கொடுப்பது? கடைசியில் உங்கள் அம்மா தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போனார்.

ஜேசன் கதவைத் திறந்து, தாய் படுத்திருக்கிறார் என்று சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு இன்னொரு நாள் போனோம். அப்போதும் படுத்திருந்தார்.

வீட்டுக்காரர் வந்து இரண்டு கொடிகளையும் வேரோடு பிடுங்கினார். பலகை வேலி போய், ஆள் உயரத்துக்கு மேல் சாம்பல் நிறத் தகர வேலி வந்தது. அந்தப் பக்கத்தில் ஆள் இருப்பது தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில்தான் தெரியும். உங்கள் அம்மா சாமிப் படத்துக்குப் பூ வைப்பதை விட்டார். பிளாஸ்டிக் பூவும் வேண்டாம் என்றார்.

கோடையில் அவர்கள் சிட்னிக்கு மாறினார்கள். ஜேசனுக்குச் செவன் ஹில்ஸ் பக்கம் வேலை. சாமான் லொறி வந்து நின்ற காலையில் நான் வீட்டில் இருந்தேன். உங்கள் அம்மா சன்னலால் பார்த்தார். லின் அக்கா முற்றத்தில், பெட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரையில் இருந்தார். உங்கள் அம்மா என்னிடம் எதுவும் சொல்லாமல் வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

உங்கள் அம்மா அந்தக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, தமிழிலேயே சொன்னார். “அக்கா, எனக்கு அக்கா தங்கச்சி இல்லை. இஞ்ச வந்து நீங்கள்தான் எனக்கு. நான் உங்களுக்கு நல்லது எண்டு நினைச்சுத்தான் தந்தனான். அந்தச் சனிக்கிழமை காலமை நானும் ஒரு வாய் குடிச்சிருக்க வேணும். நீங்கள் ஊத்தித் தந்தனீங்கள், வடைக்கு உழுந்து போட்டிட்டு வாறன் எண்டு வந்திட்டன். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன். என்னை மன்னிக்காட்டியும் பரவாயில்லை. நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சாக் காணும்.”

ஜேசன் என்னைப் பார்த்தார். கையில் பெட்டி ஒட்டும் நாடா. லொறிக்காரன் காத்திருந்தான். என் ஆங்கிலம் எனக்குத் தெரியும். அவ்வளவையும் சொல்ல அது போதாது. முயன்றிருக்கலாம். துண்டு துண்டாகவாவது சொல்லியிருக்கலாம்.

“ஷீ இஸ் வெரி சொரி,” என்றேன்.

ஜேசன் அதைத் தாயிடம் சீனத்தில் சொன்னார். லின் அக்கா உங்கள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். தன் கண்ணைத் தொட்டார். தன் நெஞ்சில் தட்டினார். மடியில் இல்லாத எதையோ விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். நடுவில் அழுகை வந்தது. நிறுத்தி, மூச்செடுத்து, திரும்பவும் பேசினார். உங்கள் அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார், விளங்கியதுபோல.

நான் ஜேசனைப் பார்த்தேன்.

“ஷீ சேஸ் இட்ஸ் ஓகே,” என்றார் ஜேசன். நாடாவைக் கிழித்து அடுத்த பெட்டியில் ஒட்டினார்.

நானும் தலையாட்டினேன். முழுக்கச் சொல்லுங்கள் தம்பி, லொறி நிற்கட்டும், ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த மனிதரை இனியும் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் போனார்கள். பிறகு ஜேசனின் இலக்கத்துக்கு எடுத்தால் வேறு யாரோ பேசினார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் உங்கள் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார். “அவ்வளவு நேரம் கதைச்சா. என்னவாம்?”

“பரவாயில்லையாம்.”

“வேற?”

“அவ்வளவுதான் சொன்னவர்.”

உங்கள் அம்மா துவாயை மடித்துக் கதிரைமேல் போட்டார்.

“பரவாயில்லை எண்டு சொல்லுறதுக்கு ஆரும் அழுவினமோ?” என்றார்.